வீடு தேடிச் சென்ற ரயில்

சில ஆண்டுகளுக்கு முன்பு, குழந்தைகள் நலன் குறித்து முடிவெடுக்கும் குழு ஒன்றில் உறுப்பினராக இருந்தேன். ஒரு நாள் பிற்பகல், கணவனை இழந்த பெண் ஒருவர் 8 வயது மகனையும் 6 வயது மகளையும் அழைத்துக்கொண்டு எங்கள் முன் வந்து நின்றார். வீட்டு வேலை செய்து பிழைப்பவர். வாடகை பாக்கி சேர்ந்து, குடியிருந்த வீட்டைக் காலி செய்ய வேண்டிய நிலை. பிள்ளைகள் இருவரையும் ஏதேனும் ஓர் இல்லத்தில் சேர்த்துவிட்டால் அவர்களுக்கு மூன்று வேளைச் சோறும் படிப்பும் உறுதியாகும் என்பது அவருடைய வேண்டுகோள். ஆவணங்கள் சரியாக இருந்தன. பத்து நிமிடங்களில் கையெழுத்திட்டோம். சிறுவர் இல்லம் ஓரிடத்திலும் சிறுமியர் இல்லம் வேறோரிடத்திலும் இருந்ததால் அண்ணனும் தங்கையும் அன்றே பிரிந்தனர்.

தவறேதும் செய்ததாக அப்போது எனக்குத் தோன்றவில்லை. நல்லது செய்தோம் என்ற நிறைவே இருந்தது. மாலையில் அலுவலகத்தைவிட்டு வெளியே வந்தபோது அந்தத் தாய் இன்னமும் படிக்கட்டில் அமர்ந்திருந்ததைக் கண்டேன். எழுந்து போக அவருக்கு இடமில்லாததுபோல் இருந்தது. அந்தப் பெண்ணுக்குத் தேவைப்பட்டது பிள்ளைகளுக்கு ஓர் இல்லமா, அல்லது சில மாத வாடகையா என்ற கேள்வியை எங்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அந்த உறுத்தல்தான் சார்லஸ் லோரிங் பிரேஸ் என்ற அமெரிக்கரின் வாழ்க்கையை என்னைத் தேடிப் படிக்கச் செய்தது. ஆதரவற்ற குழந்தையை நிறுவனத்தில் அடைத்து வைக்காமல் ஒரு குடும்பத்தில் வளரவிடும் முறை இன்று வளர்ப்புப் பராமரிப்பு என்று வழங்கப்படுகிறது. அதற்கு நவீன வடிவம் கொடுத்தவர்களுள் முதன்மையானவர் அவர். கிறிஸ்தவ இறைப்பணியாளராகத் தொடங்கி, தெருவோரக் குழந்தைகளின் பணியாளராக வாழ்ந்து முடித்தவர். அவரைப் போற்றுவோரும் உண்டு, பழிப்போரும் உண்டு. இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது என்பதுதான் அவருடைய வாழ்க்கையை நமக்குப் பாடமாக்குகிறது.

பிரேஸ் 1826-ஆம் ஆண்டு அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் லிட்ச்ஃபீல்டு என்னும் ஊரில் பிறந்தார். தந்தை ஜான் பியர்ஸ் பிரேஸ் ஓர் ஆசிரியர். பெண்கல்வி அரிதாக இருந்த அக்காலத்தில் பெண்களுக்கான புகழ்பெற்ற பள்ளியொன்றில் கற்பித்தவர். அடிமை முறைக்கு எதிராக நாவல் எழுதி உலகை உலுக்கிய ஹாரியட் பீச்சர் ஸ்டோ அவரிடம் பயின்றவர்தான். 14 வயதில் பிரேஸ் தாயை இழந்தார். அதன்பின் தந்தையே தாயுமாகி அவரை வளர்த்தார்.

குடும்பம் ஹார்ட்ஃபோர்டு நகருக்குக் குடிபெயர்ந்தபின், ஹொரேஸ் புஷ்னெல் என்ற போதகரின் அருளுரைகளைக் கேட்டு வளர்ந்தார் பிரேஸ். ஒருவர் திடீரென ஒரு நாள் மனம் மாறித் திருந்துவதையே சமய வாழ்வின் அடையாளமாகப் பலரும் போதித்த காலம் அது. புஷ்னெல் வேறு வழியில் சிந்தித்தார். குழந்தையின் நற்குணம் வீட்டில், பெற்றோரின் அன்றாட நடத்தையின் நிழலில், அது அறியாமலேயே உருவாகிறது என்று அவர் கற்பித்தார். பிரேஸின் பிற்காலப் பணி முழுவதும் இந்த ஒரு கருத்தின் மேல்தான் எழுந்தது. குடும்பமே குழந்தையை உருவாக்குகிறது என்றால், குடும்பமில்லாத குழந்தைக்கு நாம் செய்ய வேண்டிய முதல் உதவி ஒரு குடும்பத்தைத் தேடித் தருவதே என்று அவர் முடிவு செய்தார்.

யேல் கல்லூரியில் 1846-ஆம் ஆண்டு பட்டம் பெற்று, பின்னர் நியூயார்க்கில் இறையியல் பயின்றார். நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கை வடிவமைத்துப் பின்னாளில் புகழ்பெற்ற ஃபிரெடரிக் லா ஓம்ஸ்டெட் அவருடைய இளமைக்கால நண்பர். ஓம்ஸ்டெட் சகோதரர்கள் இருவரும் பிரேஸும் 1850-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் கால்நடையாகப் பயணம் செய்தனர். நண்பர்கள் ஊர் திரும்பிய பின்னும் பிரேஸ் ஐரோப்பாவிலேயே தங்கினார்.

ஜெர்மனியின் ஹாம்பர்க் நகருக்கு அருகில் அவர் கண்ட ஒரு காட்சி அவர் மனத்தில் ஆழப் பதிந்தது. யோஹான் விஹெர்ன் என்ற போதகர் 1833-இல் தொடங்கிய சிறுவர் இல்லம் அது. கைவிடப்பட்ட பிள்ளைகளைப் பெரிய கட்டடத்தில் மொத்தமாக அடைக்காமல், சிறுசிறு குடில்களில் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவையும் ஒரு குடும்பம்போல் அங்கே வாழச் செய்திருந்தனர். உயர்ந்த மதிலோ கடும் தண்டனையோ இன்றியும் பிள்ளைகளை நல்வழிப்படுத்த முடியும் என்பதற்குக் கண்கண்ட சான்றாக அது அவருக்கு அமைந்தது.

அங்கிருந்து ஹங்கேரி சென்ற பிரேஸ், புரட்சியாளர்களின் ஒற்றன் என்ற ஐயத்தின் பேரில் 1851-இல் ஆஸ்திரிய ஆட்சியாளர்களால் கைது செய்யப்பட்டார். ஏறத்தாழ ஒரு மாதம் சிறையில் கழிந்தது. அமெரிக்கத் தூதரின் தலையீட்டால் விடுதலை கிடைத்தது. 25 வயதில், எக்குற்றமும் செய்யாமல் கதவு பூட்டப்பட்ட அறையில் இருந்த அந்த அனுபவம், மனிதரை அடைத்து வைக்கும் அமைப்புகள்மீது அவருக்கிருந்த அவநம்பிக்கையை வலுப்படுத்தியிருக்கும் என்றே நான் எண்ணுகிறேன்.

அவர் திரும்பி வந்த நியூயார்க் அப்போது ஐந்து லட்சம் மக்கள் வாழ்ந்த துறைமுக நகரம். உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் உயிர் தப்பிய அயர்லாந்துக் குடும்பங்களும், ஜெர்மனியிலிருந்து பிழைப்புத் தேடி வந்தோரும் கப்பல் கப்பலாக வந்திறங்கிக்கொண்டிருந்தனர். காற்றும் வெளிச்சமும் புகாத வாடகை அறைகளில் பல குடும்பங்கள் நெருக்கிக்கொண்டு வாழ்ந்தன. காலராவும் காசநோயும் தாயையோ தந்தையையோ கொண்டுபோயின. பிள்ளைகள் தெருவுக்கு வந்தனர். செய்தித்தாளும் தீப்பெட்டியும் விற்றனர், கந்தல் பொறுக்கினர், காலணிக்கு மெருகேற்றினர், இரவில் படிக்கட்டுகளுக்கு அடியிலும் பெட்டிகளுக்குள்ளும் உறங்கினர். இவ்வாறு அலையும் சிறுவர் சிறுமியர் ஏறத்தாழ 3,000 பேர் என 1849-ஆம் ஆண்டு நகரின் காவல் துறைத் தலைவர் அளித்த அறிக்கை நகரத்தாரைத் திடுக்கிடச் செய்தது.

பிரேஸ் முதலில் பிளாக்வெல் தீவுச் சிறையிலும் மருத்துவமனைகளிலும் இருந்தவர்களிடையே ஊழியம் செய்தார். ஃபைவ் பாயிண்ட்ஸ் என்ற வறிய பகுதியிலும் பணியாற்றினார். வளர்ந்து கெட்டவர்களைத் திருத்துவதற்கே வாழ்நாள் போதாது என்பதை அங்கே உணர்ந்தார். கெடுவதற்கு முன்பே குழந்தையின் கையைப் பிடிக்க வேண்டும் என்று தீர்மானித்தார். சபை ஒன்றின் போதகராக அமர்ந்து மதிப்போடு வாழும் வாய்ப்பை விட்டு, குழந்தைகளுக்கென்று தொடங்கப்படவிருந்த அமைப்பின் பொறுப்பை ஏற்றார்.

1853-இல் நியூயார்க்கில் குழந்தைகள் உதவிச் சங்கம் உருவானது. அப்போது அவருக்கு வயது 26. ஓராண்டுக்கு மட்டும் என்று எண்ணித் தொடங்கிய பணி இறுதி வரை நீண்டது. தெருவில் திரியும் சிறுவனுக்கு அந்நாள் நகரம் வைத்திருந்த விடை இரண்டே. ஒன்று சீர்திருத்தப் பள்ளி, மற்றொன்று அனாதை இல்லம். இரண்டிலும் மணியடித்தால் எழ வேண்டும், மணியடித்தால் உண்ண வேண்டும், வரிசையில் நடக்க வேண்டும். நூற்றுக்கணக்கான பிள்ளைகள் ஒரே சீருடையில் ஒரே மாதிரி வாழ்ந்து, வெளியுலகில் தனித்து நிற்கும் திறனை இழந்து வெளியேறுவதை பிரேஸ் கண்டார். எவ்வளவு சிறந்த நிறுவனமும் சுமாரான ஒரு குடும்பத்துக்கு ஈடாகாது என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை.

அவருடைய முதல் சோதனை செய்தித்தாள் விற்கும் சிறுவர்களிடம் தொடங்கியது. 1854-இல் செய்தித்தாள் அலுவலகக் கட்டடம் ஒன்றின் மேல்தளத்தில் அவர்களுக்கென்று ஒரு தங்கும் விடுதி திறக்கப்பட்டது. படுக்கைக்கு 6 சென்ட் கட்டணம். இலவசமாகக் கொடுக்கவில்லை. அந்தச் சிறுவர்கள் சொந்தக் காலில் நிற்பவர்கள், தர்மம் வாங்குவது அவர்களுக்கு இழுக்கு என்பதை அவர் புரிந்து வைத்திருந்தார். பணமில்லாதவன் பின்னர் கொடுக்கலாம். விடுதிப் பொறுப்பாளர் ஒரு மேசையில் துளைகளிட்டு, ஒவ்வொரு சிறுவனுக்கும் ஓர் அறை ஒதுக்கிச் சேமிப்பு வங்கி ஆக்கினார். எவ்வளவு காலத்துக்கு அதைத் திறக்கக் கூடாது என்பதைச் சிறுவர்களே வாக்களித்து முடிவு செய்தனர். சூதாட்டத்தில் கரைந்துகொண்டிருந்த காசு முதன்முறையாக அவர்கள் கையில் சேர்ந்து நின்றது.

அடுத்தது தொழிற்பள்ளிகள். கிழிந்த ஆடையோடு பொதுப்பள்ளிக்குச் செல்ல இயலாத ஏழைப் பிள்ளைகளுக்காக நகரின் வறிய பகுதிகளில் அவை திறக்கப்பட்டன. எழுத்தும் எண்ணும் கற்பித்தனர், தையல் கற்பித்தனர், நண்பகலில் சூடான உணவளித்தனர். இத்தாலியிலிருந்து தரகர்கள் அழைத்து வந்து, தெருவில் இசைக்கருவி வாசித்துப் பிச்சையெடுக்க வைத்த சிறுவர்களுக்கென்று 1855-இல் தனிப்பள்ளி ஒன்றும் தொடங்கினர். மாலையில் இப்பள்ளிகளின் பிள்ளைகள் தத்தம் வீட்டுக்குத் திரும்பினர். குடும்பம் குலையாமல் குழந்தைக்கு உதவும் வழி இது. பிரேஸின் பெயரோடு இன்று ரயில்களே நினைவுக்கு வருகின்றன. ஆனால், அதிகம் பேசப்படாத இந்தப் பள்ளிகளின் வழியாகத்தான் ஏழைக் குடும்பங்கள் பல உருக்குலையாமல் நின்றன என்பதைக் கவனிக்க வேண்டும்.

இனி அந்த ரயில்களுக்கு வருவோம். நியூயார்க்கில் பிள்ளைகள் மிகுதி, உணவு குறைவு. மேற்கே மிச்சிகன், இண்டியானா, இல்லினாய், அயோவா எனப் பரந்து கிடந்த விளைநிலங்களில் உணவு மிகுதி, வேலை செய்யக் கைகள் குறைவு. இவ்விரு தேவைகளையும் இருப்புப் பாதை இணைக்கும் என்று பிரேஸ் கணக்கிட்டார். அமெரிக்க விவசாயியின் வீட்டுச் சூழலைப்போல் குழந்தைக்கு நலம் பயக்கும் இடம் வேறில்லை என்று அவர் கருதினார். அங்கே தொழிலாளியும் முதலாளியும் ஒரே மேசையில் அமர்ந்து உண்பார்கள், புதிதாக வந்த சிறுவனும் அந்த வீட்டுப் பிள்ளையோடு பள்ளிக்கும் ஆலயத்துக்கும் செல்வான் என்று அவர் எதிர்பார்த்தார்.

1854-ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் முதற்குழு புறப்பட்டது. ஏறத்தாழ 45 குழந்தைகள். படகிலும் ரயிலிலும் மாறி மாறிப் பயணம் செய்து மிச்சிகன் மாநிலத்தின் டவாஜியாக் என்ற சிற்றூரை அடைந்தனர். அன்று ஞாயிற்றுக்கிழமை. வழிபாட்டுக்கு வந்த ஊர் மக்கள்முன் குழந்தைகள் நிறுத்தப்பட்டனர். ஒரு வாரத்துக்குள் பெரும்பாலோர் ஏதேனும் ஒரு வீட்டுக்குச் சென்றுவிட்டனர்.

அதன்பின் அது வழக்கமாயிற்று. ரயில் வரும் நாளை அறிவித்துச் சுவரொட்டி ஒட்டுவர். ஊர்ப் பெரியோர் சிலர் கொண்ட குழு, குழந்தையைக் கேட்போரின் தகுதியைப் பார்க்கும். தேவாலயத்திலோ ஊர் மண்டபத்திலோ குழந்தைகளை மேடையில் வரிசையாக நிறுத்துவர். விவசாயிகள் வந்து பார்த்துத் தேர்ந்தெடுப்பர். தோளையும் கையையும் தொட்டுப் பார்த்தவர்கள் உண்டு. தேர்ந்தெடுக்கப்படாத குழந்தை அடுத்த ஊருக்கு ரயிலேறும். உடன்பிறந்தோரை ஒரே வீட்டில் சேர்ப்பது அரிதாகவே இயன்றது. அண்ணன் ஓர் ஊரில் இறங்க, தங்கை ஜன்னலோரம் அமர்ந்தபடி அடுத்த ஊருக்குப் பயணமானாள்.

ஒன்றை பிரேஸின் நேர்மைக்குச் சான்றாகச் சொல்ல வேண்டும். அக்காலத்தில் அனாதைச் சிறுவனை ஒப்பந்த ஆவணத்தில் பிணைத்து, குறிப்பிட்ட வயது வரை வேலைக்கு விடுவது சட்டப்படியான நடைமுறை. அந்த ஆவணத்தை அவர் ஏற்கவில்லை. தன் ஏற்பாட்டில் சிறுவனுக்குப் பிடிக்காவிட்டால் அவன் வெளியேறலாம், குடும்பத்துக்குப் பொருந்தாவிட்டால் அவர்கள் சங்கத்துக்குத் தெரிவிக்கலாம் என்று வகுத்தார். அடிமை முறையைக் கடுமையாக எதிர்த்தவர் அவர். சிறுவனை எவருக்கும் உடைமையாக்கக் கூடாது என்ற எண்ணம் அதில் தெளிவாகத் தெரிகிறது. எனினும், கருப்பினக் குழந்தைகளுக்கு அந்த ரயில்களில் மிக அரிதாகவே இடம் கிடைத்தது என்பதையும் மறைக்க இயலாது.

1859-இல் இண்டியானாவுக்குச் சென்ற குழு ஒன்றில் ஜான் பிரேடி, ஆண்ட்ரூ பர்க் என்ற இரு சிறுவர்கள் இருந்தனர். பிரேடி பின்னாளில் அலாஸ்காவின் ஆளுநரானார். பர்க் வடக்கு டகோட்டாவின் ஆளுநரானார். சங்கத்தின் நன்கொடையாளர்கள்முன் இந்த இருவரின் கதை பலமுறை சொல்லப்பட்டிருக்கும். அன்பான வீடு கிடைத்து, ஆசிரியராகவும் வணிகராகவும் நல்ல விவசாயியாகவும் வாழ்ந்து முடிந்தவர்கள் எத்தனையோ பேர். கூலியில்லாத வேலையாள் கிடைத்தான் என்று எண்ணிய வீடுகளில் அடியும் பசியும் தாங்காமல் ஓடிப்போனவர்களும் எத்தனையோ பேர். அவர்களுடைய கதையை எடுத்துச் சொல்லும் மேடை எதுவும் அன்று இல்லை.

எதிர்ப்பு இரண்டு பக்கமிருந்து வந்தது. முதலாவது, கத்தோலிக்கர்களிடமிருந்து. ரயிலேறிய குழந்தைகளில் அயர்லாந்துக் கத்தோலிக்கக் குழந்தைகள் பலர். சென்று சேர்ந்த வீடுகள் பெரும்பாலும் சீர்திருத்தத் திருச்சபையினருடையவை. பசிக்கு உணவு என்ற பெயரில் பிள்ளைகளின் சமயமும் அடையாளமும் பறிக்கப்படுகின்றன என்று அவர்கள் குற்றஞ்சாட்டினர். தம் பிள்ளைகளைத் தாமே காப்பதற்காக 1863-இல் நியூயார்க்கில் கத்தோலிக்கக் காப்பகத்தை நிறுவினர். பிரேஸின் எழுத்துகளில் கத்தோலிக்கத்தின்மீது அக்காலப் பொதுப்புத்தியின் காழ்ப்பு படிந்திருப்பதைப் படிக்கும் எவரும் உணரலாம். அவர்களுடைய அச்சம் வீண் அச்சமன்று.

இரண்டாவது எதிர்ப்பு மேற்கு மாநிலங்களிலிருந்து எழுந்தது. நியூயார்க் தன் சுமையை எங்கள்மீது இறக்கிவைக்கிறது என்று அவை முறையிட்டன. 1884-இல் மின்னசோட்டா மாநிலத்தின் அறநிலைய வாரியச் செயலர் ஹேஸ்டிங்ஸ் ஹார்ட், தம் மாநிலத்துக்கு வந்த பிள்ளைகளின் நிலையை ஆராய்ந்து தேசிய மாநாட்டில் அறிக்கை அளித்தார். வேண்டுமென்றே கொடுமைக்கு ஆளானவர்கள் குறைவு என்றும், சிறு வயதில் வந்தவர்கள் நன்றாகவே வாழ்கிறார்கள் என்றும் அவர் கண்டார். அதே வேளையில், வீடுகளை விசாரிக்காமல் அவசர அவசரமாகப் பிள்ளைகளை ஒப்படைத்ததையும், பின்னர் போய்ப் பார்க்கும் பொறுப்பு போதிய அளவில் நிறைவேறாததையும் சுட்டிக்காட்டினார். குழந்தையைச் சேர்ப்பதோடு கடமை முடிவதில்லை என்ற அந்தக் குற்றச்சாட்டு இன்றைய இல்லங்களுக்கும் குழுக்களுக்கும் அப்படியே பொருந்தும். என் கையெழுத்துக்கும் பொருந்தும்.

பிற்காலத்தார் அவற்றுக்கு அனாதை ரயில்கள் என்று பெயர் சூட்டினர். அப்பெயரே பிழையானது. அவற்றில் ஏறிய குழந்தைகளில் பெரும்பகுதியினருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருந்தனர். இருவரும் இருந்த குழந்தைகளும் உண்டு. நோயுற்ற தாய், வேலையிழந்த தந்தை, மறுமணத்தில் இடமில்லாமற்போன பிள்ளை என்று காரணங்கள் பலவாக இருந்தன. சங்கத்தின் வாசலுக்குத் தாமே பிள்ளையை அழைத்து வந்த தாய்மார் பலர். குளிர்காலம் கழியட்டும், நிலைமை சீரடைந்தபின் அழைத்துக்கொள்ளலாம் என்று நம்பி விட்டுச் சென்றவர்களும் அவர்களில் இருந்தனர். ஆயிரம் மைலுக்கு அப்பால் போன பிள்ளையை மீட்டுக்கொள்ளும் வழி ஏழைத் தாய்க்கு எங்கே இருந்தது?

இங்கேதான் பிரேஸின் கண்ணுக்குப் புலப்படாமற்போன இடம் இருக்கிறது. குழந்தைக்குக் குடும்பம் வேண்டும் என்பதை அவரைப்போல் தெளிவாகக் கண்டவர் அக்காலத்தில் சிலரே. ஆனால், நியூயார்க்கின் இருண்ட வாடகை அறையில் இருந்ததும் குடும்பம்தான் என்பதை அவர் போதிய அளவு மதிக்கவில்லை. வறுமையும் குடியும் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றும் நோய்கள்போல் அவருக்குத் தோன்றின. அந்தச் சூழலிலிருந்து பிள்ளையைப் பிரிப்பதே மருந்து என்று நம்பினார். வீடு தேடிப் பண உதவி செய்தால் ஏழைகள் உழைப்பை மறந்து உதவியையே நம்பி வாழத் தலைப்படுவர் என்ற கருத்தும் அவருக்கு உறுதியாக இருந்தது. ஆகவே, பிள்ளையை ரயிலேற்றப் பணம் திரட்டியவர், தாயின் வாடகைக்குப் பணம் திரட்டுவதை ஐயத்தோடு பார்த்தார். 1872-இல் இருபதாண்டுப் பணியை விவரித்து அவர் எழுதிய புகழ்பெற்ற நூலின் தலைப்பே நியூயார்க்கின் ஆபத்தான வகுப்பினர் என்று ஏழைகளைச் சுட்டியது. அந்த மக்களை வாழ்நாளெல்லாம் நேசித்த ஒருவரின் நூலுக்கு இத்தகைய தலைப்பு அமைந்தது துயரமான முரண்.

ஆயினும் அவர் குறுகிய மனத்தவர் அல்லர். அறிவியலைச் சமயத்துக்குப் பகையாகக் கருதாதவர். டார்வினின் நூல்களை ஆர்வத்தோடு படித்தார். 1872-இல் இங்கிலாந்து சென்றபோது டார்வினின் இல்லத்துக்கே சென்று தங்கினார். மனித இனங்கள் அனைத்தும் ஒரே குடும்பம் என்று வாதாடி எழுதினார். கிறிஸ்தவ நெறி உலகில் பெண்ணுக்கும் அடிமைக்கும் குழந்தைக்கும் என்ன செய்தது என்பதை ஆராய்ந்து 1882-இல் விரிவான நூலொன்றை வெளியிட்டார். இத்தனைக்கும் நடுவே சங்கத்தின் பள்ளிகளையும் விடுதிகளையும், நோயுற்ற குழந்தைகளுக்கான கோடை இல்லங்களையும் நடத்திக்கொண்டிருந்தார். 1890-ஆம் ஆண்டு உடல்நலம் தேடிச் சென்ற இடத்தில், சுவிட்சர்லாந்தின் மலைச்சாரலில் அவருடைய உயிர் பிரிந்தது. மகன் அப்பணியைத் தொடர்ந்தார்.

அவருக்குப் பின் காலம் மாறியது. 1895-இல் மிச்சிகனும், 1899-இல் இண்டியானா, இல்லினாய், மின்னசோட்டா ஆகியவையும் வெளி மாநிலக் குழந்தைகளைக் கொண்டுவந்து சேர்ப்பதற்குச் சட்டக் கட்டுப்பாடுகள் விதித்தன. கடைசி ரயில் 1929-இல் சென்றது. 75 ஆண்டுகளில் பல்வேறு அமைப்புகளின் வழியாக ஏறத்தாழ இரண்டு லட்சம் குழந்தைகள் இவ்வாறு மேற்கே அனுப்பப்பட்டனர் என்று வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகின்றனர்.

இந்த வரலாற்றின் முக்கியமான திருப்பம் 1909-இல் நிகழ்ந்தது. ஆதரவற்ற குழந்தைகளின் பராமரிப்பு குறித்து அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் வெள்ளை மாளிகையில் ஒரு மாநாட்டைக் கூட்டினார். அவருடைய தந்தை பிரேஸின் சங்கத்துக்குத் துணை நின்றவர். ஞாயிறு மாலைகளைச் செய்தித்தாள் சிறுவர்களின் விடுதியில் கழித்தவர். தன்னை மேற்கே அனுப்பியவர் அதிபரின் தந்தைதான் என்று அலாஸ்கா ஆளுநர் பிரேடி அதிபரிடமே நன்றியோடு நினைவுகூர்ந்ததுண்டு. அந்த மாநாடு இரண்டு கொள்கைகளை அறிவித்தது. பெற்றோரை இழந்த குழந்தைக்கு நிறுவனத்தைவிட வளர்ப்புக் குடும்பமே மேலானது என்பது ஒன்று. அது பிரேஸின் வெற்றி. வறுமை என்ற ஒரே காரணத்துக்காக எந்தக் குழந்தையையும் அதன் வீட்டிலிருந்து பிரிக்கக் கூடாது என்பது மற்றொன்று. அது பிரேஸ் மீதான திருத்தம். 1911-இல் இல்லினாய் மாநிலம் ஆதரவற்ற தாய்மாருக்கு மாதந்தோறும் நிதி வழங்கச் சட்டமியற்றியது. பிற மாநிலங்கள் அதைப் பின்பற்றின. பிள்ளைக்குச் செலவிடும் பணத்தைத் தாயின் கையில் கொடுத்தால் பிள்ளை வீட்டிலேயே வளரும் என்ற எளிய உண்மையை ஏற்க அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

அந்த உண்மை இன்று நம் சட்டத்திலும் இருக்கிறது. 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் குழந்தையைப் பேணும் முதற்பொறுப்பு அதன் குடும்பத்துக்கே உரியது என்கிறது. நிறுவனத்தில் சேர்ப்பதை வேறு வழியே இல்லாதபோது எடுக்க வேண்டிய கடைசி நடவடிக்கையாக வைக்கிறது. வளர்ப்புப் பராமரிப்புக்கும், குடும்பத்துக்கு நிதி ஆதரவு வழங்குவதற்கும் தனித்தனிப் பிரிவுகள் அதில் உண்டு. நலிந்த குடும்பத்தின் குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் வழங்க மத்திய அரசின் வாத்சல்யா திட்டம் வகை செய்கிறது. ஏட்டில் எல்லாம் சரியாகவே இருக்கிறது. கையெழுத்திடும் மேசையில்தான் பழைய பழக்கம் தொடர்கிறது. இல்லத்தில் சேர்க்க ஒரு பிற்பகல் போதும். நிதி ஆதரவுக்கு விண்ணப்பித்து, விசாரித்து, தொடர்ந்து போய்ப் பார்க்கப் பல மாதங்கள் வேண்டும். எளிதான வழி கருணையின் வேடத்தில் வரும்போது அதை மறுப்பது கடினம்.

பிரேஸை நான் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற விரும்பவில்லை. குளிரில் பெட்டிக்குள் உறங்கிய சிறுவனைக் கடந்து போனவர்கள் ஆயிரக்கணக்கானோர். நின்று குனிந்து பார்த்தவர் அவர். அவர் காலத்தில் தாய்க்கு உதவும் சட்டமோ திட்டமோ இல்லை. எனக்கு அந்தச் சாக்கும் இல்லை. அன்று என் மேசையில் விதிகள் இருந்தன, வழி இருந்தது. இல்லாமற்போனது ஒரே ஒரு கேள்விதான்.

பின்னர் அந்தத் தாயைத் தேடிச் சென்றேன். அவர் குடியிருந்த வீட்டில் வேறொரு குடும்பம் இருந்தது. எங்கே போனார் என்று அண்டை வீட்டாருக்கும் தெரியவில்லை. மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமைகளில் மகனைப் பார்த்துவிட்டு, பேருந்து மாறி மகளையும் பார்க்கச் செல்வதாக மட்டும் பின்னர் அறிந்தேன். மூவரும் ஒரே இடத்தில் சந்திக்க இயலவில்லையாம்.

அதன்பின் குழுவில் இருந்த காலம் வரை, வறுமையைக் காரணம் காட்டி எந்தப் பெற்றோர் வந்து நின்றாலும் முதலில் ஒன்றைக் கேட்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். பிள்ளை உங்களோடே இருக்க வேண்டுமானால் என்ன வேண்டும் என்பதுதான் அக்கேள்வி. வாடகை என்றார் ஒருவர். தையல் இயந்திரம் என்றார் இன்னொருவர். மாலையில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் என்றார் வேறொருவர். பெரும்பாலும் அவர்கள் கேட்டவை சிறியவையாகவே இருந்தன.